மூழ்கிய கப்பல்களில் ஸ்கூபா டைவிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் முறை கப்பல் டைவுக்குப் போகிறவர்களும், நாலைந்து முறை போய்விட்டு "அடுத்து உள்ளே போகலாமா" என்று யோசிக்கிறவர்களும் எழுப்பும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்கிற விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் அனைத்தும் 40 மீட்டருக்குள், வழியில் நின்று நின்று ஏறும் டிகம்ப்ரஷன் கட்டாயம் இல்லாத பொழுதுபோக்கு டைவிங்குக்கானவை. உள்ளே நுழைவது பற்றிய பதில்களைப் படித்துவிட்டு நேரே உள்ளே போய்விடாதீர்கள். அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது.

கப்பல் டைவ்னா கப்பலுக்குள்ள நீந்திப் போறதுதானே?

இல்லை. கப்பல் டைவ்களில் பெரும்பகுதி கப்பலின் வெளிப்புறத்தைச் சுற்றி வருவதுதான். சுக்கான், ப்ரொப்பெல்லர், நங்கூரச் சங்கிலி, தளத்து விஞ்ச்கள், மூடியில்லாத சரக்கறை வாய்கள், அவற்றில் குடியேறிய மீன்கள் என்று அதற்கே ஒரு சிலிண்டர் போதாது.

மூன்று நிலைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது வெளிப்புறம்: எப்போது அண்ணாந்து பார்த்தாலும் மேலே தண்ணீர் மட்டுமே. இரண்டாவது, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவரும் அகலமான திறப்புகள்; நுழையும்போதே வெளியேறும் வாயில் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது, அறைகளுக்குள் போய் வந்த வழியே திரும்புவது. முதல் நிலையில் சிக்கல் வந்தால் மேலே ஏறலாம். மூன்றாவதில் மேலே ஏறுவதற்கு முன் பக்கவாட்டில் நீந்தி வாசலுக்கு வர வேண்டும். கீழே சொல்லப்படும் காற்றுக் கணக்கு, டார்ச், வழிக்கயிறு எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான்.

ஓப்பன் வாட்டர் மட்டும்தான் முடிச்சிருக்கேன். எந்தக் கப்பலுக்குப் போகலாம்?

ஓப்பன் வாட்டர் என்கிற அடிப்படைப் பயிற்சிக்கு எல்லை 18 மீட்டர், அடுத்த நிலையான அட்வான்ஸ்டுக்கு 30, டீப் டைவர் பயிற்சியும் முடித்திருந்தால் 40. கப்பல் எவ்வளவு புகழ்பெற்றது என்பதை விட்டுவிட்டு இரண்டு எண்களைக் கேளுங்கள்: கப்பலின் உச்சி எத்தனை மீட்டரில் இருக்கிறது, கடல்தரை எத்தனை மீட்டரில் இருக்கிறது.

பாலித் தீவில் துலாம்பென் கரையோரம் கிடக்கும் லிபர்ட்டி புதியவர்களுக்கு ஏற்றது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்ப்பிடோவால் அடிபட்டு, கரைக்கு இழுக்கப்பட்டு, 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்த கப்பல் அது. கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். சுமார் 5 மீட்டரில் தொடங்கி 30 மீட்டர்வரை சரிந்து கிடப்பதால் 18 மீட்டருக்குள்ளேயே பார்க்க நிறைய இருக்கிறது. செங்கடலில் 1941 அக்டோபரில் குண்டுவீச்சில் மூழ்கிய திஸ்டில்கார்ம் அப்படியல்ல. தரை 30 மீட்டரை ஒட்டி இருக்கிறது, நீரோட்டமும் கடுமை. அட்வான்ஸ்டு இல்லாமல் போவதில் அர்த்தமில்லை. சைப்ரஸின் லார்னாக்காவுக்கு வெளியே 1980இல் மூழ்கிய ஜெனோபியா 42 மீட்டர் தரையில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மீஸ் 50 மீட்டருக்கும் கீழே இருப்பதால், அது இந்தப் பக்கத்தின் எல்லைக்குள்ளேயே வராது.

தரை 30 மீட்டரில் இருக்கும் கப்பலின் உச்சியை மட்டும் 18 மீட்டர் டைவர் பார்த்துவிட்டு வரலாமா என்றால், வரலாம். ஆனால் மிதப்பைக் கட்டுக்குள் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். காலடியில் இன்னும் 12 மீட்டர் தண்ணீர் இருக்கிறது. படம் எடுக்கும் கவனத்தில் இறங்குவது தெரியவே தெரியாது.

வேணும்னே மூழ்கடிச்ச கப்பல்னா பாதுகாப்புதானே?

ஓரளவு. டைவர்களுக்காக மூழ்கடிக்கும் கப்பலில் எண்ணெய், கேபிள்கள், கதவுகள் முதலியவற்றை முன்பே அகற்றுவார்கள். பக்கச் சுவர்களில் ஆள் நுழையும் அளவுக்குத் துளைகளும் வெட்டுவார்கள். புயலிலோ போரிலோ மூழ்கியதில் இதெல்லாம் நடந்திருக்காது: கூரையிலிருந்து வயர்கள் தொங்கும், கதவு பாதி மூடிய நிலையில் துருப்பிடித்து நிற்கும், சரக்கு சரிந்து வழியை அடைத்திருக்கும்.

ஆனால் தயார்செய்த கப்பலும் கடலுக்குள் போனபின் மனிதர் சொன்னபடி கேட்பதில்லை. ஃப்ளோரிடாவுக்கு அப்பால் இருக்கும் 155 மீட்டர் நீளமுள்ள ஸ்பீகல் குரோவ், 2002இல் குறித்த நேரத்துக்கு முன்பே கவிழ்ந்து மூழ்கியது. 2005இல் ஒரு சூறாவளி அதை நிமிர்த்திவிட்டுப் போனது. அதே கப்பலுக்குள் 2007இல் ஆழமாக நுழைந்த மூன்று டைவர்கள் உயிருடன் திரும்பவில்லை. கதவுகளை அகற்றினால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறையும். வண்டல் படிவதோ, காற்று தீர்வதோ குறையாது.

கூடுதலா என்ன சாமான் வேணும்?

வெளியே சுற்றுவதற்கு: ஒரு நல்ல டார்ச் (பகலிலும்தான், பொந்துகளும் நிறங்களும் வெளிச்சமில்லாமல் தெரியாது), தடித்த கையுறை, கயிறு அறுக்கும் கருவி, எஸ்எம்பி என்கிற ஊதுமிதவை, அதற்கு 30 மீட்டர் நூல் சுற்றிய ஸ்பூல். கத்தியை மட்டும் நம்பாதீர்கள். நைலான் வலையைக் கத்தி அறுக்கும். தூண்டிலின் எஃகு வயரை அறுக்காது. முதலுதவிக்காரர்கள் வைத்திருக்கும் கனமான கத்தரிக்கோல் இரண்டுக்கும் உதவும். எதை வைத்தாலும் இரண்டு கைகளில் எந்தக் கையாலும் எட்டும் இடத்தில் வையுங்கள். கெண்டைக்காலில் கட்டிய கத்தி படத்தில் அழகாக இருக்கும். கால் மாட்டிக்கொண்டால் எட்டாது.

உள்ளே நுழைய: ஆளுக்கு மூன்று டார்ச் (ஒன்று முதன்மை, இரண்டு மாற்று), 40 மீட்டர் அளவுக்கு வழிக்கயிறு சுற்றிய ரீல், தனி ரெகுலேட்டருடன் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) ஒரு மாற்றுக் காற்று மூலம், கூட்டாளிக்குக் கொடுக்கச் சுமார் 2 மீட்டர் நீளக் குழாய். நீளம் எதற்கென்றால், குறுகிய கதவில் இருவர் பக்கம்பக்கமாக வர முடியாது. ஒருவர் பின் ஒருவராக வரும்போதும் பின்னால் வருபவருக்குக் காற்று எட்ட வேண்டும்.

தொங்கும் எதையும் மடக்கிச் செருகுங்கள். அழுத்தமானி, ஆக்டோபஸ் என்கிற மாற்று ரெகுலேட்டர், கேமராக் கயிறு, மாஸ்க் பட்டையின் வால், எல்லாம் மாட்டிக்கொள்ளக்கூடியவை.

கயிறைப் பிடிச்சுத்தான் இறங்கணுமா? நேரா குதிச்சா கப்பல் கிடைக்காதா?

கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அசையும் நீரில் 25 மீட்டர் இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் நீரோட்டம் உங்களைக் கப்பலின் ஓரத்தைத் தாண்டித் தள்ளிவிடும். தெளிவில்லாத நீரில் 10 மீட்டர் தள்ளி இறங்கினாலும் கப்பல் கண்ணில் படாது. மிதவைக் கயிறோ படகின் கயிறோ இருந்தால் அதையே பற்றி இறங்கி அதையே பற்றி ஏறுவது நல்லது. முழுப் பாரத்தையும் அதில் போட்டு இழுக்க வேண்டாம். மேலே படகும் அதையே நம்பி நிற்கிறது. கயிறில் சிப்பிகளும் கொட்டும் சிற்றுயிர்களும் ஒட்டியிருக்கும், கையுறை இங்கேயே தேவைப்படும்.

கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் வலுவான இடங்களில், நீர் நிலைத்து நிற்கும் சிறிது நேரத்தைக் கணக்கிட்டு இறங்குவார்கள். படகோட்டி ஒரு நேரத்தைச் சொன்னால், பத்து நிமிடம் தாமதித்தாலும் நீரோட்டத்தில் பாதிக் காற்றைச் செலவழிக்க நேரும். திரும்பும்போது கயிறு கிடைக்காமல் போனால் எஸ்எம்பியை அனுப்பிவிட்டு அதன் நூலிலேயே 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று ஏறுங்கள். கப்பலின் மேல்பகுதியில் நின்று அனுப்புங்கள். தொங்கும் கம்பிகளுக்கு இடையிலிருந்து அனுப்பினால் நூல் சிக்கும்.

கீழே போனா எது முன்பக்கம், எது பின்பக்கம்னே தெரியல. காம்பஸும் கண்டபடி காட்டுது.

காம்பஸ் பழுதில்லை. எஃகுக் கப்பலின் அருகே காந்த முள் திசைமாறும். டைவ் கம்ப்யூட்டரின் மின்னணுக் காம்பஸுக்கும் அதே கதிதான். சில மீட்டர் விலகினால் சரியாகும். கப்பலின்மேல் இருக்கும்வரை கப்பலையே வரைபடமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அணியத்தின், அதாவது முன்முனையின் அடையாளம்: கூர்மையாகக் குறுகும் வடிவம், சங்கிலி இறங்கும் துளைகள், சங்கிலி சுற்றும் பெரிய விஞ்ச். பின்முனையின் அடையாளம்: உருண்ட வடிவம், சுக்கான், ப்ரொப்பெல்லர். பல கப்பல்களில் நடுவில் உயரமான மேற்கட்டுமானமும் புகைபோக்கி விழுந்த துளையும் இருக்கும். கப்பல் சிதைந்து தட்டையாகிவிட்டதென்றால் பாய்லர்களைத் தேடுங்கள். அவை பெரிய உருளைகள், மற்றதெல்லாம் சரிந்தபிறகும் நிற்கும். அவற்றுக்கு அடுத்து எஞ்சின், எஞ்சினிலிருந்து நீளும் தடித்த இரும்புத் தண்டு. தண்டைத் தொடர்ந்தால் ப்ரொப்பெல்லருக்குப் போய்ச் சேர்வீர்கள்.

இறங்கும் கயிறு கட்டப்பட்ட இடத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்து, அதன் அருகில் இருக்கும் எதையாவது நினைவில் வையுங்கள். போகும்போது ஒரு பக்கவாட்டைத் தோளோரம் வைத்துச் சென்றால், திரும்பும்போது அது மறுதோளில் வரும்.

50 பார்ல மேலே வந்தா போதும்னு சொல்லிக் கொடுத்தாங்க. கப்பலுக்கும் அதுதானா?

சிலிண்டரில் 50 பார் (பார் என்பது அழுத்த அலகு) மீதியோடு படகில் ஏறியிருப்பது என்பது ஆழம் குறைந்த பவளப்பாறைக்குச் சரி. 30 மீட்டரில் அது எந்தக் கணக்கிலும் வராது. போட்டுப் பார்ப்போம். 12 லிட்டர் சிலிண்டர், 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று. 30 மீட்டரில் அழுத்தம் 4 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் அங்கே 80 லிட்டர் சுவாசிப்பார்.

மோசமான நேரத்தில் உங்கள் கூட்டாளிக்குக் காற்றுத் தீர்ந்து, இருவரும் உங்கள் சிலிண்டரில் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இருவருக்கும் சேர்த்து 60. கீழே நிலைமையைச் சரிசெய்ய 1 நிமிடம்: 60 × 4 = 240 லிட்டர். மேலே ஏற 4 நிமிடம், சராசரி அழுத்தம் 2.5 பார்: 600 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம், 1.5 பார்: 270 லிட்டர். மொத்தம் 1,110 லிட்டர். அதை 12ஆல் வகுத்தால் 92.5 பார், 100 என்று வையுங்கள்.

அதாவது 30 மீட்டரில் 100 பார் காட்டினால் கிளம்ப வேண்டிய நேரம். கப்பலைப் பார்க்க மீதி 100 பார்தான், 1,200 லிட்டர். இறங்கும்போது செலவானதையும் கழித்தால் கால் மணி நேரத்துக்கும் குறைவு. ஆழம் குறையக் குறைய இந்தச் சேமிப்பும் குறையும். உங்கள் சுவாச அளவையும் சிலிண்டர் அளவையும் போட்டு நீங்களே ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள், வாய்ப்பாடாக நம்பவேண்டாம்.

நைட்ராக்ஸ் எடுத்தா ரொம்ப நேரம் இருக்கலாம்னு சொல்றாங்க. உண்மையா?

பாதி உண்மை. 30 மீட்டரில் சாதாரணக் காற்றில் டிகம்ப்ரஷன் இல்லாமல் இருக்கக்கூடிய நேரம் அட்டவணைப்படி சுமார் 20 நிமிடம். 32 விழுக்காடு ஆக்சிஜன் கலந்த நைட்ராக்ஸில் சுமார் 30. ஆனால் மேலே உள்ள கணக்கின்படி 12 லிட்டர் சிலிண்டர் அதற்கு முன்பே உங்களை மேலே அனுப்பிவிடும். நைட்ராக்ஸ் காற்றின் அளவைக் கூட்டுவதில்லை. 20 முதல் 25 மீட்டரில் கிடக்கும் கப்பல்களிலும், ஒரே நாளில் இரண்டாவது மூன்றாவது டைவிலும், 15 லிட்டர் சிலிண்டரிலும்தான் பலன் நன்றாகத் தெரியும்.

நைட்ராக்ஸுக்கு ஓர் ஆழ எல்லை உண்டு, அதை மறக்கக்கூடாது. ஆக்சிஜனின் பங்கழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) 1.4 பாரைத் தாண்டாதிருக்க, 32 விழுக்காட்டுக்கு எல்லை 33 மீட்டர், 36க்கு 28 மீட்டர். கப்பலின் தரை இதற்குக் கீழே இருந்தால், கைதவறி விழுந்த டார்ச்சை எடுக்கக்கூட இறங்கக்கூடாது. ஆக்சிஜன் வலிப்பு பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி வரும். நீருக்கடியில் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவிவிடும்.

30 மீட்டர்ல எனக்கு ஒண்ணும் ஆகல. நைட்ரஜன் மயக்கம் எல்லாருக்கும் வருமா?

ஆழத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் போதைபோல் மூளையை மந்தமாக்குவதுதான் அது. வரும், அளவுதான் வேறுபடும். தலைசுற்றி ஆடுவார்கள் என்று எதிர்பார்ப்பதால் பலர் கவனிப்பதில்லை. கப்பலில் அது வேறு வடிவில் தெரியும்: ஒரே பொருளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பது, அழுத்தமானியைப் பார்த்தும் எண் மனதில் நிற்காமல் போவது, கூட்டாளியின் சைகைக்கு நாலு நொடி கழித்துப் பதில் தருவது. சில மீட்டர் மேலே ஏறினால் தெளியும். அந்தத் தெளிவில் திரும்ப இறங்க வேண்டாம்.

வலையிலயோ தூண்டில் நரம்புலயோ மாட்டிக்கிட்டா?

முதலில் நில்லுங்கள். திரும்பிச் சுழல்வதுதான் ஒரு இழையை ஏழு இழையாக்கும். ஓர் அடி பின்னால் போங்கள். முன்னால் வரும்போது இறுகியது பின்னால் போனால் தளரும். பிறகு கூட்டாளியைக் கூப்பிடுங்கள். மாட்டுவது பெரும்பாலும் சிலிண்டர் வால்வில், கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில். அடுத்தவர் அரை நிமிடத்தில் எடுத்துவிடுவார். தனியாக இருந்தால் ஒரு கையால் இழையைப் பிடித்து இறுக்கி மறுகையால் அறுங்கள். தொய்வான நரம்பு அறுபடாது. ரெகுலேட்டர் குழாய்க்குப் பக்கத்தில் அறுக்கும்போது எதை அறுக்கிறீர்கள் என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு அறுங்கள்.

வலை மீன் இருக்கும் இடத்துக்குத்தான் வரும், மீன் கப்பலுக்கு வரும். ஆகவே மீன்பிடிப் பகுதியில் உள்ள எந்தக் கப்பலிலும் வலை இருக்கும் என்றே நினைத்து இறங்குங்கள்.

எதைத் தொடலாம்?

முடிந்தவரை எதையும் வேண்டாம். துருப்பிடித்த தகட்டின் ஓரம் கையுறையையும் கிழிக்கும். கல்மீன், தேள்மீன் இரண்டும் துருவோடு துருவாகத் தெரியாமல் கிடக்கும். சிங்கமீன் சரக்கறைக் கூரைகளில் தலைகீழாகத் தொங்கும். நீரோட்டத்தில் பிடித்தே தீரவேண்டுமென்றால் வெறும் இரும்பைப் பார்த்து இரண்டு விரலால் பிடியுங்கள். நீங்கள் பிடிக்கும் தகடு கழன்று வராது என்றும் நினைக்க வேண்டாம்.

சும்மா ஒரு கதவு வழியா நுழைஞ்சு எட்டிப் பார்த்துட்டு வந்தா என்ன?

தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்துப் பார்ப்பதில் தவறில்லை. உடல் முழுவதும் உள்ளே போய்விட்டால் முதல் பதிலில் சொன்ன மூன்றாம் நிலை தொடங்கிவிட்டது. விபத்துகளில் சிக்கியவர்களும் "ஒரு அறைதானே" என்றுதான் நுழைந்தார்கள்.

பயிற்சி பெற்ற பொழுதுபோக்கு டைவருக்கும் எல்லைகள் உண்டு. வாசலின் இயற்கை வெளிச்சம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நீர்மட்டத்திலிருந்து ஆழமும் உள்ளே போகும் தூரமும் சேர்ந்து 40 மீட்டரைத் தாண்டக்கூடாது: கதவு 24 மீட்டரில் இருந்தால் உள்ளே 16 மீட்டர்தான். ஒருவர் சிலிண்டரோடு திரும்ப முடியாத அளவு குறுகிய இடம் வேண்டாம். யாருடைய டார்ச் ஒன்று அணைந்தாலும் அனைவரும் வெளியே. யாராவது கட்டைவிரலை உயர்த்தினால் டைவ் முடிந்தது. ஏன் என்று படகில் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றில் ஒரு பங்கு விதியைப் பின்பற்றினா உள்ளே போகலாம்தானே?

மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கைவசம். குகை டைவர்களிடமிருந்து வந்த விதி, நல்ல விதி. 200 பாருக்குச் சுமார் 66, 66, 66 என்று பலர் பிரிக்கிறார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது. வாசலுக்கு வந்து சேர்ந்தால் டைவ் முடிவதில்லை. 30 மீட்டரில் இருவரும் மேலே ஏற 100 பார் வேண்டும் என்று முன்பே கணக்கிட்டோம். கைவசம் 66 தான்.

சரியான வரிசை: முதலில் ஏறுவதற்கான 100ஐக் கழியுங்கள். மீதி 100. அதில் மூன்றில் ஒன்று 33. வாசலை அடைந்தபோது 180 பார் இருந்தால், மீதி 80, அதில் மூன்றில் ஒன்று 26. 154க்கு வந்ததும் திரும்ப வேண்டும். 26 பார் என்பது 312 லிட்டர், அந்த ஆழத்தில் 4 நிமிடத்துக்கும் குறைவு. ஒற்றை 12 லிட்டர் சிலிண்டரோடு 30 மீட்டரில் உள்ளே சுற்றுவது ஏன் சரிவராது என்பதற்கு இந்த எண்ணே விளக்கம்.

ஃபின்னை மெதுவா அடிச்சா வண்டல் கிளம்பாதுதானே?

குறையும், நிற்காது. நேராகக் கால் உதைத்தால் தண்ணீர் கீழே தள்ளப்பட்டுத் தரையைக் கிளறும். முழங்காலை மடக்கித் தவளைபோல் உதைத்தால் பின்பக்கம் போகும். மிகக் குறுகிய இடத்தில் உதைக்காமல், சுவரின் உறுதியான பகுதியை விரல்நுனியால் தள்ளி நகரலாம். இடத்திலேயே திரும்பவும் பின்னோக்கி நீந்தவும் தெரியாமல் உள்ளே போனால் திரும்பும்போது கலங்கிவிடும்.

பலர் யோசிக்காத காரணம் மேலே இருக்கிறது. நீங்கள் விடும் குமிழிகள் கூரையில் மோதி, வருடக்கணக்கில் அசையாமல் ஒட்டியிருந்த துருவை உதிர்க்கும். அசையாமல் நின்றாலும் இது நடக்கும். போகும்போது கண்ணாடியாக இருந்த தாழ்வாரம் வரும்போது செந்நிறமாகக் கலங்கியிருப்பது இதனால்தான். அறைக்குள் அடங்கிய நுண்வண்டல் மணிக்கணக்கில் மிதக்கும். தெளியும் என்று காத்திருக்க உங்களிடம் அவ்வளவு காற்று இருக்காது.

வழிக்கயிறு கட்டறது எப்படி? வாசல்ல ஒரு முடிச்சு போதுமா?

போதாது. முதல் கட்டு வாசலுக்கு வெளியே, திறந்த நீரில், தலைக்கு மேல் ஒன்றுமில்லாத இடத்தில். இரண்டாவது கட்டு வாசலைத் தாண்டியதும் உள்ளே. ஒன்று அவிழ்ந்தாலும் மற்றது நிற்கும். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் உறுதியான எதிலாவது ஒரு சுற்று. கயிறு எப்போதும் இறுக்கமாக இருக்க வேண்டும். தொய்வு காலில் சுற்றும்.

கட்டும் இடத்தைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். துருவின் கூர் ஓரத்தில் உரசும் கயிறு திரும்பும்போது அங்கே இருக்காது. இன்னொரு பொறி: திருப்பத்தின் உள்மூலையில், கை மட்டும் நுழையும் இடுக்கு வழியாகக் கயிறு இழுபட்டுக் கிடப்பது. வெளிச்சத்தில் பிரச்சினை தெரியாது. கண் தெரியாதபோது கயிறைத் தடவி வருபவர் அந்த இடுக்கில் முட்டி நிற்பார். கயிறு போகும் வழியில் ஆளும் போக முடியுமா என்று ஒவ்வொரு கட்டிலும் பாருங்கள். ரீல்காரர் முதலில் நுழைந்து கடைசியில் வெளியேறுவார், மற்றவர்கள் அவருக்கும் வாசலுக்கும் இடையில் கயிறுக்கு ஒரே பக்கம் வருவார்கள்.

கப்பல் பக்கவாட்டில் சாய்ஞ்சு கிடந்தா என்ன வித்தியாசம்?

வீட்டைச் சுவரின்மேல் படுக்கவைத்ததுபோல: தரை சுவராகும், கதவுகள் கூரையிலும் காலடியிலும் கிணற்று வாயாகத் திறக்கும், படிக்கட்டு பக்கவாட்டில் நீளும். கீழ்நோக்கித் திறக்கும் கதவு வழியாக அடுத்த அறைக்குப் போனால் தெரியாமலே 5 மீட்டர் ஆழம் கூடிவிடும். கம்ப்யூட்டரை அடிக்கடி பாருங்கள். தளர்ந்த பொருள்கள் எல்லாம் ஒரு பக்கம் குவிந்திருக்கும். மேலே தொங்குவது எதுவும் அப்படித் தொங்குவதற்காகப் பொருத்தப்பட்டதல்ல. கப்பலின் வரைபடம் கிடைத்தால், அதைச் சாய்த்துவைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

உள்ளே கூரையில காத்து தேங்கியிருக்கு. தலையை நீட்டி மூச்சு விடலாமா?

கூடாது. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். மூடிய இடத்துக் காற்றிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். பழைய தேக்கத்தில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று முகர்ந்து அறிய முடியாது. எரிபொருள் ஆவியும் கலந்திருக்கலாம். இரண்டு மூச்சில் நினைவிழந்து தண்ணீருக்குள் விழக்கூடும். ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும்.

ஒரே ஒரு தட்டு, ஒரு புட்டி எடுத்துக்கிட்டா யாருக்கு நஷ்டம்?

சட்டம் முதலில். மூழ்கிப்போனது என்பதால் உரிமையாளர் இல்லை என்று ஆகிவிடாது. 2001இல் உருவாகி 2009இல் நடைமுறைக்கு வந்த யுனெஸ்கோ உடன்படிக்கை, குறைந்தது 100 ஆண்டுகள் நீருக்கடியில் இருந்த எச்சங்களை இருக்கும் இடத்திலேயே காப்பதை முதல் தெரிவாக வைக்கிறது. பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட போர்க்கப்பல்களைப் பாதுகாக்கிறது. சிலவற்றில் உரிமமின்றி டைவ் செய்யவே கூடாது. 1911இல் 122 பேரோடு மூழ்கிய ஆஸ்திரேலியாவின் யோங்காலாவில் உள்ளே நுழையத் தடை. அந்தந்த இடத்து விதியை இறங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சட்டத்தை விட்டாலும் லாபமில்லை. கடலில் ஊறிய இரும்பிலும் மண்பாண்டத்திலும் உப்பு உள்ளே இறங்கியிருக்கும். காய்ந்ததும் அது படிகமாகி உள்ளிருந்தே வெடிக்கவைக்கும். நீண்டகாலம் உப்பு நீக்கிப் பதப்படுத்த வசதியில்லாதவர் கையில் கடைசியில் மிஞ்சுவது தூள்.

குண்டுகள், தோட்டாக்கள் பற்றியும் இதே கேள்வி வருகிறது. எத்தனை வருடம் ஆனாலும் தொடாதீர்கள். பழைய குண்டுகளில் பயன்பட்ட பிக்ரிக் அமிலம் உலோகத்தோடு சேர்ந்து முன்பைவிட எளிதில் வெடிக்கும் உப்புகளை உண்டாக்கும்.

உள்ளே வண்டல் கிளம்பி ஒண்ணுமே தெரியல. முதல்ல என்ன செய்யணும்?

கயிறு கையில் இருந்தால், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையத்துக்குள் அதை வைத்துக்கொள்ளுங்கள், இறுக்கி இழுக்காதீர்கள். மறுகையால் முன்னால் இருப்பவரின் கையையோ தோளையோ பிடியுங்கள். இறங்கும் முன்பே பேசிவைக்க வேண்டிய தொடுசைகைகள் மூன்று: முன்னால் தள்ளினால் போ, அழுத்திப் பிடித்தால் நில், பின்னால் இழுத்தால் பின்வாங்கு. கயிறு எதிலாவது சிக்கியிருந்தால் கயிறை விடாமலே சிக்கலைச் சுற்றி வாருங்கள்.

கயிறும் கையை விட்டுப் போயிடுச்சுன்னா?

அசையாதீர்கள். நழுவிய நொடியில் கயிறு ஒரு கை தூரத்தில்தான் இருக்கும். நீந்த ஆரம்பித்தால் அந்தத் தூரம் தெரியாமல் போகும். கைக்கு எட்டும் உறுதியான எதையாவது பிடித்து மூச்சை நிதானப்படுத்துங்கள். டார்ச்சை மார்போடு அணைத்து மறையுங்கள். உங்கள் வெளிச்சமே வண்டலில் பட்டுத் திரும்பிக் கண்ணை மறைக்கும். அதை மறைத்தால் கூட்டாளியின் ஒளியோ வாசலின் நீல வெளிச்சமோ தெரியலாம்.

ஒன்றும் தெரியாவிட்டால் மாற்று ஸ்பூலை எடுத்து, பிடித்திருக்கும் பொருளிலேயே கட்டுங்கள். இனி எங்கே தேடினாலும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வர முடியும். வழிக்கயிறு எந்தப் பக்கம் இருந்தது என்று நினைவிருக்கும் திசையில், கையை மேலும் கீழும் வீசியபடி மெதுவாகப் போங்கள். கிடைக்கவில்லையென்றால் நூலைச் சுற்றிக்கொண்டே கட்டிய இடத்துக்கு வந்து வேறு திசையில் தேடுங்கள். கிடைத்ததும் ஸ்பூல் நூலை வழிக்கயிறில் கட்டிவிட்டு ஸ்பூலை அங்கேயே விட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் வாசல் என்பதுதான் அடுத்த சந்தேகம். அதற்குத்தான் உள்ளே வரும்போதே, முனை வாசலைக் காட்டும் அம்புக்குறிகளைக் கயிறில் மாட்டிக்கொண்டு வருவது. பார்க்க முடியாவிட்டாலும் விரலால் தடவி முனையைக் கண்டுபிடிக்கலாம்.